மிதிக்கக் கூடாத கம்பளம்

மெத்தை உறை, காபிக் கோப்பை, விமான நிலையக் கடையில் தொங்கும் டி-ஷர்ட். ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் புள்ளிச் சித்திரத்தை இவற்றில் ஏதாவது ஒன்றிலாவது பார்த்திருப்பீர்கள். அது அங்கே வந்து சேர்ந்த வழியில் ஒரு கரன்சி நோட்டும் ஒரு நீதிமன்றமும் ஒரு ஜம்போ ஜெட்டும் இருக்கின்றன.

ஆதியில் பூர்வகுடிச் சித்திரங்கள் அலங்காரமே அல்ல. மணலிலும் உடம்பிலும் மரப்பட்டையிலும் வரையப்பட்டவை. இன்ன உருவம் இன்ன குலத்துக்கு என்று பாத்தியதை உண்டு. கிட்டத்தட்ட நிலப்பட்டா மாதிரி. உரிமை இல்லாதவர் தொடக் கூடாது.

சிட்னி ஓவியர் மார்கரெட் பிரெஸ்டனுக்கு இந்த வழக்கமெல்லாம் பொருட்டில்லை. ஐரோப்பாவைப் பார்த்தே வீட்டை அலங்கரித்துக்கொண்டிருந்த தேசத்துக்குச் சொந்தச் சரக்கு வேண்டும் என்று தவித்தவர் அவர். பூர்வகுடி உருவங்களைக் கைவினைப் பொருள்களில் பயன்படுத்தலாம் என்று 1924-ல் 'தி ஹோம்' இதழில் எழுதினார். அவற்றின் புராணப் பொருளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்பதும் அந்தக் காலத்தில் அவர் சொன்ன யோசனைதான். ரசனையோடு செய்த கொள்ளை!

1966-ல் ஆஸ்திரேலிய ரிசர்வ் வங்கியே அந்தக் கொள்ளையைச் செய்தது. புதிய ஒரு டாலர் நோட்டில், மாண்டுபோன ஒரு பெரும் வேட்டைக்காரனின் ஈமச்சடங்குச் சித்திரம் அச்சாகியிருந்தது. வரைந்தவர் எப்போதோ இறந்துபோன, பெயர் தெரியாத யாரோ என்று அதிகாரிகள் நினைத்தார்கள். ஆனால் அதை வரைந்த டேவிட் மலங்கி வட ஆஸ்திரேலியாவின் ஆர்ன்ஹெம் லேண்டில் நலமாக இருந்தார்! விஷயம் வெளியே வந்ததும் வங்கி ஆளுநர் கூம்ப்ஸ் அவருக்கு 1,000 டாலரும் ஒரு பதக்கமும் மீன்பிடிச் சாமான்களும் கொடுத்தார்.

மத்திய ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் கதை வேறு. 1971-ல் பப்புன்யா பள்ளிச் சுவரில் தேனெறும்புக் கதையைப் பெரியவர்கள் தீட்டினார்கள். ஊக்கம் கொடுத்தவர் ஆசிரியர் ஜெஃப்ரி பார்டன். மறு ஆண்டே ஓவியர்களின் சொந்த நிறுவனம் பிறந்தது. வெளியாருக்குக் காட்டக் கூடாத உருவங்களைப் பிறகு புள்ளிகள் மூடத் தொடங்கின. திரைச்சீலையாக வந்த புள்ளிதான் உலகம் முழுக்க விலைபோனது. யுடோப்பியா என்ற இன்னொரு பாலைவனப் பகுதியில் 1977 முதல் பெண்கள் ஜாவாவின் மெழுகுச் சாயக் கலையான பாத்திக் கற்றார்கள். அவர்களில் ஒருவர் எமிலி காமே ங்வாரே. துணியை விட்டு கான்வாஸுக்கு மாறும்போது அவருக்கு வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

நகல்காரர்கள் சும்மா இருப்பார்களா? பெர்த் நகர நிறுவனம் ஒன்று வியட்நாமில் கம்பளம் நெய்து இறக்குமதி செய்தது. அச்சில் வந்திருந்த பூர்வகுடி ஓவியங்களைப் பார்த்து எடுத்த நகல்கள் அவை. ஓவியருக்கு ராயல்டி போகிறது என்று கம்பளத்தோடு ஒரு சீட்டு வேறு! அவற்றில் ஓவியர் பண்டுக் மரிக்காவின் புனித நீர்நிலைச் சித்திரமும் இருந்தது. விற்பது காலால் மிதிக்கும் பொருள். அதைவிட மோசம், நகலெடுத்தவன் யாராக இருந்தாலும் குலத்தின் முன் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். 1994-ல் நீதிபதி வான் டூசா 1,88,640 டாலர் இழப்பீடு விதித்தார். அந்தப் பண்பாட்டுக் காயத்தையும் கணக்கில் சேர்த்தார் என்பதுதான் தீர்ப்பின் புதுமை. இறந்துபோன ஓவியர்களும் வழக்கில் இருந்ததால், தங்கள் வழக்கப்படி பிரித்துக்கொள்ள ஒரே தொகையாகக் கொடுத்தார்.

அதே 1994-ல் குவாண்டஸ் விமான நிறுவனத்தின் போயிங் 747 ஒன்று செக்கச்செவேலென்று கங்காருச் சித்திரங்களோடு பறந்தது. இது திருட்டல்ல. யன்யுவா இனத்தின் ஜான் மொரியார்ட்டியும் மனைவி ராஸும் தொடங்கிய பாலரிஞ்சி வடிவமைப்பகத்தின் வேலை. குழந்தைப் பருவத்தில் தாயிடமிருந்து அரசு பிரித்துக்கொண்டுபோனவர்களில் ஜானும் ஒருவர். தன் பிள்ளைகளுக்குத் தங்கள் வேர் தெரிய வேண்டும் என்ற ஆசைதான் 1983-ல் பாலரிஞ்சியைத் தொடங்கிவைத்தது. 2018-ல் எமிலியின் ஓவியமும் ஒரு போயிங் 787-இன் உடம்பில் ஏறியது.

வஜாரி யமாஜி வம்சத்து வடிவமைப்பாளர் நிக்கோல் மங்க்ஸ் வேறு வழியில் போகிறார். அவருடைய நாற்காலி வரிசைக்கு 'மார்லு' என்று பெயர். கங்காரு என்று அர்த்தம். பூமராங்கின் வளைவும் கங்காருவின் துள்ளலும் அங்கே உட்காரும் இடமாகிவிட்டன. புள்ளி வைத்தால்தான் பூர்வகுடிக் கலை என்று நினைக்கும் வாடிக்கையாளருக்கு அவரிடம் வேலையில்லை.