திகதியும் நாழிகையும்: இராசி நிர்ணயத்தின் சமூக அடிப்படை பற்றி ஒரு குறிப்பு

வங்காலையை அடுத்த நறுவிலிக்குளத்தில், ஓகஸ்ட் 15ஆந் திகதி ஒரு பிள்ளை பிறக்கின்றதெனக் கொள்வோம். மன்னார்க் கத்தோலிக்கர் அதனை மடு ஆவணித் திருவிழாவன்று பிறந்த பிள்ளை என்பர். பஞ்சாங்கத்தின்படி அன்று ஆவணி பிறக்கவில்லை. ஆடி முடிய ஓரிரு நாட்கள் உள்ளன. சூரியன் கடகத்தில் நிற்கின்றான். ஆங்கிலப் பத்திரிகையின் பலன் பகுதியோ பிள்ளையைச் சிம்மத்திற் சேர்க்கும். இவற்றையெல்லாம் மூடநம்பிக்கை என்ற ஒரு சொல்லால் ஒதுக்குவது எளிது. முற்போக்காளர் பலர் (நாமுந்தான்) அவ்வாறே செய்து வந்துள்ளோம். ஆயின் ஒவ்வொரு கணக்கும் யாருடைய தேவைக்காக எழுந்தது என்பதே வரலாற்று மாணவனின் வினாவாதல் வேண்டும்.

மேலைக் கணிப்பு இராசிச் சக்கரத்தை இளவேனிற் சமபகற் புள்ளியிலிருந்து தொடங்குகின்றது; நம்மவர் கணிப்பு விண்மீன்களை ஆதாரமாகக் கொள்கின்றது. அப்புள்ளி ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகையாகப் பின்னகர்வதால், இரண்டிற்குமிடையே இன்று சுமார் 24 பாகை வேறுபாடு உண்டு. சிம்மமும் கடகமும் முரண்படுவது இதனாலேயே. இதனினும் முக்கியமானது பிறிதொன்று. தமிழ் வழக்கில் ஒருவரது இராசி என்பது சூரியன் நின்ற இராசியன்று. சந்திரன் நின்ற இராசி. சந்திரன் ஓரிராசியைக் கடக்க ஏறத்தாழ இரண்டேகால் நாளாகும். ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறத்தாழ ஒரு நாள். இலக்கினமோ ஏறக்குறைய ஐந்து நாழிகைக்கு ஒருமுறை மாறும். ஆகவே திகதி மட்டும் போதாது. நாழிகையும் பிறந்த இடமும் வேண்டும்.

நாழிகை குறிப்பதற்கு வட்டிலும் கணிக்கத் தெரிந்தவனும் வேண்டும். அரசவைக்கும் கோயிலுக்கும் நிலவுடைமையாளர் இல்லத்திற்கும் அவ்வசதி இருந்தது. இன்று கிடைக்கும் ஈழத்துத் தமிழ் நூல்களுள் மிகப் பழையதாகக் கருதப்படும் சரசோதிமாலை ஒரு சோதிட நூலே என்பது தற்செயலன்று. போசராச பண்டிதர் இயற்றிய அந்நூல் 1310இல் தம்பதெனிய அரசவையில் அரங்கேறியதாகக் கொள்ளப்படுகின்றது. யாழ்ப்பாண அரசர் ஆதரவில் எழுந்த செகராசசேகரமாலையும் அத்துறையினதே. உழவுக்கும் மணத்துக்கும் வேந்தர் வினைக்கும் நாட்குறித்துக் கொடுத்தல் நிலமானிய ஆட்சிக்கு வேண்டிய அறிவாக இருந்தது. இரவில் விண்மீன் பார்த்துத் தோணி செலுத்திய கரையோர உழைப்பாளி வானத்தை நன்கறிந்தவன்; தன் பிள்ளை பிறந்த நாழிகையைக் குறித்துவைக்க அவன் வீட்டில் எவருமில்லை.

திகதி வேறு வழியாக வந்தது. போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றியது 1560இல்; ஞானஸ்நானப் பதிவேடு பேணுமாறு திரெந்துச் சங்கம் விதித்தது 1563இல். பதிவேட்டுக்குத் தேவைப்பட்டவை நாளும் பெயரும் பெற்றோரும் ஞானப்பெற்றோருமே, சந்திரனன்று. பின்வந்த குடியேற்ற அரசும் வரிக்கும் நிருவாகத்துக்கும் திகதியையே நாடியது. கிறெகோரியின் நாட்காட்டி வேரூன்றியபின் ஓகஸ்டே ஆவணியென வழங்கலாயிற்று. மடுத் திருவிழாவின் பெயரே சான்று.

திகதியொன்றே போதும் என்ற சோதிடம் அண்மைக்காலத்தது. 1930 ஓகஸ்டில் இளவரசி மார்கிறெற் பிறந்தபோது லண்டன் 'சண்டே எக்ஸ்பிரஸ்' பத்திரிகையில் ஆர். எச். நெய்லர் எழுதிய கட்டுரை பெற்ற வரவேற்பே பத்திரிகைப் பலன் பகுதிகளுக்கு வழிதிறந்தது. இலட்சக்கணக்கான வாசகரிடம் நாழிகை கேட்டல் இயலாது. திகதி எவருக்கும் தெரியும். எனவே சந்திரனும் இலக்கினமும் கழிக்கப்பட்டு, சூரியன் மட்டும் எஞ்சியது. சந்தையின் வசதியே கணிதத்தைச் சுருக்கியது. 1952-53இல் லொஸ் ஏஞ்சலிஸ் நாளிதழொன்றின் பலன் பகுதியை ஆராய்ந்த அடோர்னோ, அது வாசகனை நிலவும் ஒழுங்குக்கு இணங்கிப்போகப் பழக்குவதைக் காட்டினார். அவ்வாய்வை நம் பத்திரிகைகளுக்குப் பொருத்திப் பார்ப்பார் வேண்டும்.

மன்னார்க் கரைக்குத் திகதி என்பது பலன் பார்க்கும் விடயம் மட்டுமன்று. போர்க்காலத்திற் கடல் கடந்து மண்டபம் முகாமை அடைந்தோரின் பிள்ளைகள் பலர் தமிழகத்திற் பிறந்தனர். ஊர் மீண்டபோது அடையாள அட்டைக்கும் பிரசாவுரிமைக்கும் அவர்களிடம் கேட்கப்பட்டது பிறப்புச் சான்றிதழே. அது இல்லாதவர், மீள்குடியேறிய தம் சொந்த ஊரிலேயே, தாம் யாரென நிறுவ அலுவலகம் அலுவலகமாக அலைய நேர்ந்தது.