வெட்டாமல் வைத்த மூளை

அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனபோது, பிரெஞ்சுப் பள்ளி நாளில் கேட்ட புரோக்கா என்ற பெயரை மீண்டும் தேடிப் படித்தேன்.

1861இல் பாரீசை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ஞ் என்பவர் இறந்தார். சொல்வது புரியும், வாயில் வந்ததோ ‘தாங்’ என்ற ஒலிதான். அறுவை மருத்துவர் பால் புரோக்கா அவர் மூளையின் இடது முன்பகுதியில் சேதத்தைக் கண்டார். மேலும் பல நோயாளிகளைப் பார்த்தபின், 1865இல், பேச்சுக்கு இடது மூளையே ஆதாரம் என்று எழுதினார். மூளை ஆராய்ச்சிக்கே அது புது வழி திறந்தது.

அந்த மூளையை அவர் துண்டுபோடாமல் பாதுகாத்து வைத்தார். 2007இல் வெளியான எம்.ஆர்.ஐ. ஆய்வு, சேதம் அவர் கண்டதைவிட ஆழமானது என்றது. தன் முடிவைத் திருத்தவும் ஆதாரத்தை விட்டுப் போயிருக்கிறார்! கோப்புகளோடு காலம் கழித்த குமாஸ்தாவான எனக்கு அதன் அருமை தெரியும்.

அண்ணனுக்குப் பேச வரவில்லை; நான் சொல்வது புரிகிறது. தினமும் போய்ப் பேசிவிட்டு வருகிறேன்.