ஒரு படுக்கை, ஒரு பதிவேடு: ரயில் முன்பதிவு வளர்ந்த கதை

காளஹஸ்திக்கும் ரேணிகுண்டாவுக்கும் நடுவே உள்ள சிறிய ரயில் நிலையம் எங்கள் ஏர்பேடு. அன்று சித்தூர் மாவட்டம். 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டம். மண்ணை விட்டு வந்த நம்மவர்க்கு ரயில் முன்பதிவு சாதாரண விஷயமல்ல. தாய்மாமன் சீர் செய்யப் போவதும், பெரியவர்களின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கப் போவதும் அந்தத் துண்டுச் சீட்டை நம்பித்தானே!

1980-களின் தொடக்கத்தில் அக்கா மகளின் காதுகுத்துக்காக மதுரைப் பக்கம் புறப்பட்டோம். வழியில் வண்டி மாற வேண்டும். அந்த நாளில் ஒரு வண்டியின் படுக்கைப் பதிவேடு அது புறப்படும் நிலையத்தில் இருக்கும். வழியிலுள்ள சில நிலையங்களுக்கு 'கோட்டா' என்று சில படுக்கைகளைப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். அவற்றை அந்த நிலையத்தார் யாரையும் கேட்காமலே எழுதிக்கொள்ளலாம். வேலை சுலபம்தான். ஆனால் ஓர் ஊர்க் கோட்டா காலியாகக் கிடக்கும்போதே அடுத்த ஊரில் காத்திருப்போர் பட்டியல் நீளும். கோட்டா இல்லாதவர்க்குத் தந்திதான் கதி.

எங்களுக்கும் தந்தியில் பதில் வந்தது. அப்பாவுக்குக் கீழ்ப் படுக்கை. போய்ப் பார்த்தால் அதே எண்ணோடு இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார்! இரண்டு சீட்டும் உண்மை. அப்பா இரவு முழுக்கப் பெட்டி மேல் உட்கார்ந்தே வந்தார்.

1985-86இல் புது டெல்லியில் கணினி முன்பதிவு தொடங்கியது. சி.எம்.சி. நிறுவனம் செய்த 'இம்ப்ரஸ்' என்ற ஏற்பாடு அது. பிறகு மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் மையங்கள் வந்தன. ஆனால் ஒவ்வொன்றும் தனித் தீவு. 1986இல் அமைந்த 'கிரிஸ்' என்ற ரயில்வே தகவல் மையம் 'கான்செர்ட்' என்ற மென்பொருளை உருவாக்கி, 1994இல் செகந்திராபாத்தில் முதலில் ஓட்டியது. 1999 ஏப்ரலில் ஐந்து மையங்களும் இணைந்தன.

இங்கேதான் ஒரு கேள்வி. எல்லாப் பதிவேட்டையும் ஐந்து இடத்திலும் நகலெடுத்து வைத்தால் என்ன? கால அட்டவணைக்கு அது சரி. எத்தனை நகல் இருந்தாலும் பார்ப்பதால் கெடுதல் இல்லை. படுக்கை அப்படியல்ல. கடைசிப் படுக்கையை இரண்டு ஊரில் ஒரே நொடியில் எழுதிவிட்டால் அப்பா கதைதான். ஆகவே வண்டிக்கு ஒரு மையம் என்று வைத்தார்கள். நாம் எந்தக் கவுண்டரில் நின்றாலும் நம் கோரிக்கை கம்பி வழியே அந்த மையத்துக்குப் போய், அங்கே எழுதப்பட்டு, பதிலாகத் திரும்பும். விசாரணையில் மூன்று இடம் காலி என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுவதற்குள் போய்விடுகிறதே, அதற்கும் காரணம் இதுதான்: பார்த்தது ஒரு நொடிக்கு முந்தைய நிலை, எழுதுவது இந்த நொடியில்.

இதற்கும் ஒரு விலை உண்டு. இடையில் கம்பி அறுந்தால் வெளி மையத்து வண்டிக்குச் சீட்டு கிடைக்காது. "லிங்க் இல்லைங்க" என்று கவுண்டரில் சொன்ன நாட்களில் எனக்கும் கோபம் வந்ததுண்டு. இப்போது வருவதில்லை. ஒரே படுக்கைக்கு இரண்டு சீட்டு கொடுப்பதைவிட, இன்று இல்லை என்று சொல்லிவிடுவது மேல் அல்லவா?

அப்பா இன்று இல்லை. இணையத்தில் நொடியில் பதிவு செய்யும் பேரப்பிள்ளைகளுக்கு அந்த இரவைச் சொல்லி வைக்கிறேன்.