நாடார் சமூகம்: அரசியல் பிரதிநிதித்துவமும் பொருளாதார முன்னேற்றமும்

அரசியல் பதவி கிடைக்கும் முன்பே வணிகத்தால் உயர்ந்த ஒடுக்கப்பட்ட சமூகத்துக்குத் தென் தமிழகத்தின் நாடார்கள் முதன்மைச் சான்று.

19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் திருச்செந்தூர்ச் செம்மணல் தேரிக்காடுகளில் இவர்களுள் பெரும்பாலோர் பனையேறிகளாக இருந்தனர். பதநீரைக் காய்ச்சி எடுத்த கருப்பட்டியையும் கருவாட்டையும் ஏற்றிக்கொண்டு வடக்கே சென்றவர்கள் சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் பேட்டைகள் அமைத்தனர். மதில் சூழ்ந்த பேட்டை வண்டிக்கும் சரக்குக்கும் காவலாக அமைந்தது. கைமாறிய சரக்குக்கு வணிகர் மகமை என்னும் பொதுநிதிப் பங்கைச் செலுத்தினர். அப்பணம் கோயில், கிணறு, பள்ளி, வழக்குச் செலவு ஆகியவற்றுக்குப் பயன்பட்டது. விருதுநகர் சத்திரிய வித்யாசாலைக்காக வீடுதோறும் பிடி அரிசி எடுத்துவைத்தனர். பின்னாளில் முதலமைச்சரான காமராசர் அங்குப் படித்தவர்.

செல்வம் பெருகியும் கோயில் நுழைவு மறுக்கப்பட்டது. கமுதிக் கோயில் நுழைவு வழக்கும் 1899 சிவகாசிக் கலவரமும் அதன் விளைவுகள்.

தாமிரபரணிக் கரையிலுள்ள சந்தை ஊரான ஏரலில் பணபலம் உள்ளூர்ப் பதவியாக மாறியது. மேலப்புதுக்குடியில் 1880-இல் பிறந்த அருணாசல நாடார் 1906-இல் ஏரல் ஊர் நிர்வாகத்தின் தலைவராக, அதாவது சேர்மனாக, ஆனார். 1908 ஆடி அமாவாசையன்று காலமானார். இன்றும் 'சேர்மன் அருணாசல சுவாமி' என்றே வழிபடப்படுகிறார். ஆடி, தை அமாவாசைகளில் அவர் கோயிலில் பெருந்திரள் கூடுகிறது.

1910-இல் நாடார் மகாஜன சங்கமும், 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியும் தோன்றின. வங்கி 1962-இல் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி எனப் பெயர் மாறியது. சொத்தும் வரியும் உள்ளவர்க்கே வாக்கு என்ற அக்காலத்தில் வணிக வளமே வாக்குரிமையைத் தந்தது. டபிள்யூ.பி.ஏ. சவுந்தரபாண்டியன் 1920-களில் சென்னைச் சட்டமன்றத்தில் இடம்பெற்றார். காமராசர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தார்.

அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கும் முதலில் தொழில், பிறகு அரசியல் என்ற வழியை 1895-இல் புக்கர் டி. வாஷிங்டன் பரிந்துரைத்தார். ஆனால் தென் மாநிலங்கள் அவர்களது வாக்குரிமையை முடக்கின. 1965-ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வரை அந்நிலை நீடித்தது. அத்தகைய தடை நாடார்களுக்கு இருக்கவில்லை.

எனினும் நாடார்களுள் வணிகர்கள் அடைந்த வளம் பனையேறிகளை அதே அளவில் எட்டவில்லை.