தமிழ்நாட்டில் காங்கிரசின் தேர்தல் எதிர்காலம்

1967இல் ஆட்சியை இழந்தபின் இந்திய தேசிய காங்கிரஸ் தமிழ்நாட்டில் தலைமையேற்று ஆட்சி அமைத்ததில்லை. அதன் தேர்தல் வாய்ப்பைச் சொந்த வாக்குகளைவிடக் கூட்டணியே தீர்மானித்து வருகிறது.

கூட்டணி உத்தி 1967இல்தான் பிறந்தது என்று பலர் எழுதுவது சரியன்று. ஆந்திரப் பகுதியும் மலபாரும் சேர்ந்திருந்த சென்னை மாநிலத்தில், 1952 தேர்தலில் காங்கிரஸ் 375 இடங்களில் 152 மட்டுமே பெற்றது. மேலவைக்கு நியமிக்கப்பட்டு முதல்வரான இராஜாஜி, மாணிக்கவேலு நாயகரின் காமன்வீல் கட்சியை அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டுதான் ஆட்சியை நிலைப்படுத்தினார். 1954இல் முதல்வரான காமராசர், உழைப்பாளர் கட்சியின் இராமசாமி படையாட்சியாரையும் அமைச்சராக்கினார். வட மாவட்டங்களில் வேரூன்றிய இவ்விரு கட்சிகளும் காங்கிரசோடு கரைந்த பிறகே, 1957இல் 205க்கு 151 என்ற பெரும்பான்மை கிடைத்தது. 1962இல் 206க்கு 139 இடங்கள் கிடைத்தன; தி.மு.க. 50 இடங்களுக்கு உயர்ந்தது.

1967 தோல்விக்கு அரிசித் தட்டுப்பாடும் 1965 மொழிப்போரும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. ஆனால் காங்கிரசை வீழ்த்தியது கூட்டணியே. காங்கிரஸ் 41.1 விழுக்காடு வாக்குடன் 51 இடங்களையும், சுதந்திரா, மார்க்சிஸ்ட், முஸ்லிம் லீக் முதலிய கட்சிகளோடு சேர்ந்து நின்ற தி.மு.க. 40.7 விழுக்காட்டுடன் 137 இடங்களையும் பெற்றன. விருதுநகரில் காமராசரே தோற்றார்.

உண்மையான வீழ்ச்சி 1971இல் நேர்ந்தது. கட்சி பிளவுபட்டிருந்த நிலையில், இந்திரா காந்தியின் காங்கிரஸ் சில மக்களவைத் தொகுதிகளுக்காகச் சட்டமன்றப் போட்டியையே தி.மு.க.வுக்கு விட்டுக்கொடுத்தது. எதிர்த்து நின்ற காமராசரின் பழைய காங்கிரஸ் ஏறத்தாழ 35 விழுக்காடு வாக்குப் பெற்றும் 15 இடங்களோடு நின்றது. ஊர்தோறும் இருந்த தொண்டர்களுக்கு அது ஆறாத காயம். 1989இல் மூப்பனார் தலைமையில் காங்கிரஸ் தனித்து நின்று ஏறத்தாழ 20 விழுக்காடு வாக்கும் 26 இடங்களும் பெற்றது மீட்சிக்கான நல்ல வாய்ப்பு. 1996இல் அ.தி.மு.க.வோடு கூட்டு வைக்கத் தில்லித் தலைமை எடுத்த தவறான முடிவு அதைப் பறித்தது. மூப்பனார் தொடங்கிய தமிழ் மாநில காங்கிரஸ் 39 சட்டமன்ற இடங்களை வென்றது; காங்கிரசுக்கு ஓர் இடமும் இல்லை.

இந்த வீழ்ச்சிக்குக் கன்னியாகுமரி மாவட்டம் மட்டும் விதிவிலக்கு. நேசமணி வழிநடத்திய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் தொடர்ச்சி அங்கு இன்றும் வலுவாக இருக்கிறது. 1967இல் விருதுநகரில் தோற்ற காமராசரை 1969 இடைத்தேர்தலில் மக்களவைக்கு அனுப்பியது நாகர்கோவில்தான்.

தி.மு.க. அணியில் கட்சி 2019 மக்களவைத் தேர்தலில் 9 இடங்களில் 8, 2021 சட்டமன்றத் தேர்தலில் 25 இடங்களில் 18, 2024 மக்களவைத் தேர்தலில் 9 இடங்களில் 9 என வென்றது.

இவ்வெற்றிகளைக் கட்சியின் சொந்த வலுவாகக் கொள்ள இயலாது. ஊராட்சி அளவில் கிளைகளைப் புதுப்பிக்காதவரை, அதன் எதிர்காலம் பிறர் ஒதுக்கும் தொகுதிகளின் எண்ணிக்கையிலேயே அடங்கும். 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் தனித்து நின்றபோது அதற்குக் கிடைத்தது 4.3 விழுக்காடு வாக்கு. இரண்டாமிடம் வந்தது கன்னியாகுமரியில் மட்டுமே.