நாவலூரில் உட்கார்ந்தே நாவல் வெளியிடலாமா? கையெழுத்துப் போடும் முன் கவனிக்க வேண்டியவை

செங்கல்பட்டு மாவட்டம் நாவலூரில் ஐடி வேலை பார்க்கும் ஒருவர் இரவெல்லாம் கண் விழித்து ஒரு நாவலை முடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பதிப்பகங்களுக்கு அனுப்பினால் பதில் வர மாதக்கணக்கில் ஆகிறது. அதற்குள் "பணம் கட்டுங்க, புத்தகம் எங்க பொறுப்பு" என்று ஒரு விளம்பரம் செல்போனில் வருகிறது. கட்டலாமா? இல்லை, தானே வெளியிடலாமா? பார்க்கலாம்.

சொந்த வெளியீடு புதுசா?

இல்லை. 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், அச்சுச் செலவுக்காக அன்பர்களிடம் முன்கூட்டியே 'கையொப்பம்' வாங்கினார். இன்று நாம் 'முன்பதிவு' என்று சொல்வது கிட்டத்தட்ட அதுதான்.

பாரதியாரும் 1920-ல் தன் எழுத்துகளை 40 புத்தகங்களாகத் தானே வெளியிடத் திட்டமிட்டு, அன்பர்களிடம் கடன் உதவி கேட்டார். பணம் சேரவில்லை. அடுத்த ஆண்டே மறைந்துவிட்டார். அவர் எழுத்தின் பதிப்புரிமை பல கைகள் மாறி, 1949-ல் அரசின் வசம் வந்து, பிறகுதான் பொதுவுடைமை ஆனது. பணம், உரிமை இரண்டுமே எழுத்தாளருக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

பதிப்புரிமை யாரிடம் இருக்கும்?

எழுதிய உடனே உரிமை உங்களுடையதுதான். பதிவு செய்வது கட்டாயம் இல்லை. எழுத்தாளரின் வாழ்நாள் முழுக்கவும், மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளும் அது நீடிக்கும்.

உரிமையை இன்னொருவருக்குக் கொடுப்பதாக இருந்தால் எழுத்து வடிவில், உங்கள் கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாத பட்சத்தில், அது காலாவதி ஆகிவிடும்.

அதனால் 'எல்லா உரிமைகளும், நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்ற வரி கண்ணில் பட்டால் நிறுத்திக் கேளுங்க. அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா எல்லாம் தனித்தனி உரிமைகள். பணம் கட்டுவதே நீங்கள்தான் என்றால், உரிமையையும் சேர்த்துக் கொடுக்க எந்த அவசியமும் இல்லை.

ஐஎஸ்பிஎன் எண்ணுக்குக் காசு கட்டணுமா?

வேண்டாம். இந்தியாவில் மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமை இதை இலவசமாகத் தருகிறது. எழுத்தாளரே இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். அச்சுப் புத்தகத்துக்கு ஒரு எண், மின்னூலுக்குத் தனி எண். ஐஎஸ்பிஎன் என்பது அடையாள எண் மட்டுமே. அதனால் பதிப்புரிமை கிடைத்துவிடாது.

அச்சடிக்கும் முன் என்ன செய்யணும்?

முதலில் எழுத்துப் பிழை. தன் பிழை தன் கண்ணுக்குத் தெரியாது. ஒற்று, ல-ழ-ள, ர-ற பார்க்கத் தெரிந்த இன்னொருவர் அவசியம். அட்டைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை மெய்ப்புப் பார்ப்பவருக்குக் கொடுத்தால் நஷ்டம் இல்லை.

அடுத்து எழுத்துரு. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் யூனிகோடுக்கு மாற்றுங்க. இல்லாவிட்டால் மின்னூலில் வெறும் குறிகளாகத் தெரியும். மாற்றியதும் இன்னொரு முறை முழுதாகப் படிக்கணும்.

எத்தனை பிரதி போடலாம்?

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். விலை ரூ.200. ஒரு பிரதிக்கு அச்சுச் செலவு ரூ.80. 300 பிரதி போட்டால் முதலீடு ரூ.24,000. கடைக்கு 40 சதவீதம் கழிவு கொடுத்தால் கைக்கு வருவது ரூ.120. அப்படியானால் போட்ட பணத்தை எடுக்கவே 200 பிரதி விற்கணும். வாசகருக்கு நேரடியாக விற்றால் 120 பிரதியே போதும். (இவை உதாரண எண்கள்தான். உங்கள் அச்சகத்தில் விலை கேட்டு இதே கணக்கைப் போடுங்க.)

எத்தனை பேர் வாங்குவார்கள் என்று தெரியாவிட்டால், கேட்கக் கேட்க அச்சடிக்கும் முறை நல்லது. ஒரு பிரதியின் செலவு கூடும். ஆனால் கட்டில் அடியில் புத்தகக் கட்டு தேங்காது.

மின்னூல் லாபமா?

2016 முதல் அமேசான் கிண்டிலில் தமிழ் மின்னூல் வெளியிடலாம். பதிவேற்றக் கட்டணம் இல்லை. ராயல்டி 35 அல்லது 70 சதவீதம். இந்திய விற்பனைக்கு 70 சதவீதம் வேண்டுமென்றால் 'கேடிபி செலக்ட்' திட்டத்தில் சேரணும். சேர்ந்தால் 90 நாள் அந்த மின்னூலை வேறு எங்கும் விற்கவோ இலவசமாகக் கொடுக்கவோ கூடாது. உங்கள் வலைப்பூவில் முழுக் கதையும் இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்க.

விற்பது எப்படி?

முதல் 100 வாசகர்கள் தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள்தான். வெளியீட்டுக்கு முன்பே ஓர் அத்தியாயத்தை வாட்ஸ்அப்பில் படிக்கக் கொடுத்து, முன்பதிவு வாங்குங்க. எத்தனை பிரதி அச்சடிக்கலாம் என்பதும் அதில் தெரிந்துவிடும்.

தபால் செலவைக் குறைக்க, அஞ்சல் துறை 2025 மே 1 முதல் 'ஞான் போஸ்ட்' சேவை தருகிறது. 300 கிராம் வரை ரூ.20, 5 கிலோ வரை ரூ.100, வரி தனி. புத்தகத்தில் அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் இருக்கணும், விளம்பரம் இருக்கக் கூடாது. உங்கள் புத்தகம் இதில் வருமா என்று அஞ்சலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

பொது நூலகங்களுக்கான கொள்முதலுக்கும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்த ஆர்டரை நம்பிக் கடன் வாங்கி அச்சடிக்க வேண்டாம்.

பலரும் மறக்கும் ஒரு கடமை

1954-ம் ஆண்டு சட்டப்படி, வெளியான 30 நாட்களுக்குள் நான்கு நூலகங்களுக்குத் தலா ஒரு பிரதியை வெளியிட்டவர் தன் செலவில் அனுப்பணும். கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்கள்தான் அவை. நாவலூர்க்காரருக்குக் கன்னிமாரா எழும்பூரில்தான் இருக்கிறது. உங்கள் புத்தகம் 50 ஆண்டு கழித்தும் ஒருவர் கையில் கிடைக்க இதுவே நிச்சயமான வழி.

சுருக்கமாக: ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிங்க, ஐஎஸ்பிஎன் நீங்களே வாங்குங்க, முன்பதிவைப் பார்த்து அச்சடிங்க. புரியாத வரி இருந்தால் வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்து வேண்டாம்.