கபாலா (மேலை மறைஞானம்)

யூத மறைஞான மரபிலிருந்து, மறுமலர்ச்சிக் கால ஐரோப்பாவில் கிளைத்த தியான நெறி. ‘செபிரோத்’ எனப்படும் பத்து இறைவெளிப்பாட்டு நிலைகளை 22 பாதைகள் இணைக்கும் ‘வாழ்வு மரம்’ இதன் அடிப்படை வரைபடம். ஒவ்வொரு பாதைக்கும் ஓர் எபிரேய எழுத்து உரியது. 1888இல் லண்டனில் தோன்றிய ‘பொன் விடியல்’ சங்கம் இதைப் படிநிலைப் பாடமாக்கியது. டயன் ஃபார்ச்சூனின் ‘மிஸ்டிகல் கபாலா’ (1935) பெயர்பெற்ற விளக்கநூல்.

தமிழகத்தில் இத்துறைக்கு வாயிலாக அமைந்தது சென்னை அடையாறு. 1882இல் அங்கே நிலைகொண்ட பிரம்மஞான சபையின் நிறுவனர்களுள் ஒருவரான பிளாவட்ஸ்கி, கபாலாவை இந்தியத் தத்துவங்களோடு ஒப்பிட்டு எழுதினார். 1886இல் சபையின் மற்றொரு நிறுவனரான ஆல்காட் அடையாறு நூலகத்தை நிறுவினார்.

முருகனுக்குரிய ‘சரவணபவ’ என்னும் ஆறெழுத்தை அறுகோணச் சக்கரத்தில் எழுதித் தியானிக்கும் மரபு கபாலாவோடு ஒப்புநோக்கத் தக்கது. எழுத்தையே இறைவடிவாகக் கொள்வதில் இரண்டும் நெருங்கினாலும், வேர்கள் வேறு. ஒவ்வொன்றையும் அதனதன் மரபுக்குள் நின்றே கற்க வேண்டும்.